நீதிபதிக்கே புத்தி பேதலித்தால்?



குடிமையியல் வகுப்பில் நீதிபதிகளைச் சுலபமாக நீக்க முடியாது என்று சார் நடத்தினார். "அவருக்கே புத்தி பேதலிச்சுப் போச்சுன்னா என்ன சார் பண்ணுவாங்க?" என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. சார் சிரிக்கவில்லை. "அமெரிக்காவுல நிஜமாவே நடந்திருக்கு. ஜான் பிக்கரிங்னு தேடிப் படி" என்றார். படித்ததை எழுதுகிறேன்.

பிக்கரிங் லேசுப்பட்ட ஆள் இல்லை. ஹார்வர்டில் படித்தவர். நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் தலைமை நீதிபதியாக இருந்தவர். 1795-ல் ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டன் அவரை மத்திய அரசின் மாவட்ட நீதிபதி ஆக்கினார். (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி நினைக்காதீங்க, அந்த மாநிலம் முழுக்க ஒரே மாவட்டம்!) ஓய்வு வயதே கிடையாது. ஒழுங்காக நடக்கும்வரை ஆயுள் முழுக்கப் பதவி.

சில வருஷத்தில் அவர் மனநிலை குலைந்தது. குடியும் சேர்ந்துகொண்டது. 1801-ல் வந்த ஒரு சட்டப்படி, அவருக்குப் பதில் இன்னொரு நீதிபதி உட்கார்ந்தார். நல்ல ஏற்பாடுதானே? ஆனால் 1802-ல் கட்சிச் சண்டையில் அந்தச் சட்டத்தையே ரத்து செய்துவிட்டார்கள். பிக்கரிங் மறுபடி நாற்காலிக்கு வந்தார்.

அப்போது வந்ததுதான் 'எலைசா' கப்பல் வழக்கு. சுங்க அதிகாரிகள் பிடித்து வைத்த கப்பல் அது. பிக்கரிங் போதையில் வந்தார். அரசுத் தரப்புச் சாட்சிகளைக் கேட்காமலே கப்பலைச் சொந்தக்காரரிடம் கொடுக்கச் சொல்லிவிட்டார். அப்பீலுக்கும் விடவில்லை.

1803-ல் ஜனாதிபதி ஜெஃபர்சன் விஷயத்தைப் பிரதிநிதிகள் சபைக்கு அனுப்பினார். சபை குற்றம் சாட்டியது, செனட் விசாரித்தது. இங்கதான் சிக்கல். தேசத்துரோகம், லஞ்சம் போன்ற பெரிய குற்றம் செய்திருந்தால்தான் நீக்கலாம் என்கிறது அரசியல் சட்டம். நோய் குற்றமா? பிக்கரிங் விசாரணைக்கு வரவே இல்லை. "அப்பாவுக்குச் சித்தம் கலங்கிவிட்டது" என்று மகன் ஜேக்கப் மனு கொடுத்தார். அதை ஏற்றால் அவர் குற்றவாளி இல்லை, பதவியும் போகாது. ஏற்காவிட்டால் ஒரு நோயாளியைக் குற்றவாளி ஆக்கணும்!

செனட்டர்கள் சாமர்த்தியம் பண்ணினார்கள். 'பெரிய குற்றமா' என்று கேட்காமல், 'சாட்டியபடி குற்றவாளியா' என்று மட்டும் ஓட்டெடுத்தார்கள். 1804 மார்ச் 12-ல் 19-க்கு 7 என்று தீர்ப்பு. அமெரிக்காவில் இப்படிப் பதவி பறிக்கப்பட்ட முதல் ஆள் அவர்தான். மறு வருஷம் இறந்துபோனார்.

எனக்கு உறுத்துவது இன்னொன்று. காலியான அந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர் ஷெர்பர்ன். கப்பல் வழக்கில் அரசு வக்கீல், செனட்டில் பிக்கரிங்குக்கு எதிராகச் சாட்சி சொன்னவரும் அவரேதான்.

- பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி