ஆறு வருட வாக்குரிமை

சனிக்கிழமை காலை. பள்ளிச் சிற்றுண்டிச்சாலையின் நீள மேசைகளை ஓரமாகத் தள்ளிவிட்டு பிளாஸ்டிக் நாற்காலிகளை வரிசை பிடித்துப் போட்டிருப்பார்கள். நெகாராகூ, தமிழ் வாழ்த்து, தலைமையாசிரியர் உரை, சென்ற ஆண்டின் அறிக்கை, கணக்கு. கணக்கைப் பற்றி யாராவது ஒருவர் ஒரு கேள்வி கேட்பார். பொருளாளர் கோப்பைப் புரட்டிப் பதில் சொல்வார். பிறகு பழைய செயலவை கலைந்ததாக அறிவித்துவிட்டு, தேர்தலை நடத்தித் தர ஓர் இடைக்காலத் தலைவரை மேசையில் உட்கார வைப்பார்கள். "தலைவர் பதவிக்கு முன்மொழியலாம்" என்பார் அவர்.

உடனே அமைதி. சிலர் கைப்பேசியைப் பார்ப்பார்கள், சிலர் தரையை. கடைசியில் பின்வரிசையிலிருந்து போன வருடத் தலைவரின் பெயரே வரும். "வழிமொழிகிறேன்" என்று இன்னொரு குரல். வேறு பெயர் இல்லை, கைதட்டல், முடிந்தது. மூலையில் ஊற்றி வைத்த தேநீர் ஆறுவதற்குள் கோல சிலாங்கூர் வட்டாரத் தமிழ்ப்பள்ளி ஒன்றின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்குப் புதிய நிர்வாகம் வந்துவிடும்.

எல்லா வருடமும் இப்படி அமையாது. கூட்டத்துக்கு அதுவரை வந்தே இராத முகங்கள் முன்வரிசையை நிரப்பும் வருடங்களும் உண்டு. அப்போது கைகளை இரண்டு முறை எண்ணவேண்டி வரும், "கை வேண்டாம், சீட்டுப் போடுங்கள்" என்று குரல் எழும், நோட்டுப் புத்தகத் தாளைக் கிழித்து வாக்குச்சீட்டு செய்வார்கள், தேநீர் பனிக்கட்டியாகிவிடும்.

மலேசியாவில் பள்ளிக்கூடம் தொடர்பாக ஒரு சாதாரணப் பெற்றோர் வாக்களிக்கும் இடம் இது ஒன்றுதான். அமெரிக்காவில் சுமார் 13,000 பள்ளி மாவட்டங்கள் இருக்கின்றன. அவற்றில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு, வரிப்பணத்தையும் பாடப் புத்தகத்தையும் கண்காணிப்பாளர் நியமனத்தையும் முடிவு செய்யும் வாரியத்தை ஊர் மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். கோல சிலாங்கூரில் அப்படி ஒரு வாரியம் கிடையாது. ஆசிரியர் சம்பளமும் பாடத்திட்டமும் தலைமையாசிரியர் மாற்றமும் புத்ராஜெயாவில் உள்ள கல்வி அமைச்சிலிருந்து மாநில இலாகா, மாவட்ட இலாகா என்று படியிறங்கி வருகின்றன.

பள்ளி வாரியம் கிடக்கட்டும், நகராண்மைக் கழகத்துக்கே இங்கே தேர்தல் இல்லை. ஒரு காலத்தில் இருந்தது. 1951 டிசம்பரில் ஜார்ஜ் டவுனிலும் 1952 பிப்ரவரியில் கோலாலம்பூரிலும் நகராண்மைத் தேர்தல் நடந்தது. நாடு சுதந்திரம் பெறுவதற்கு முன்பே மக்கள் வாக்குப்பெட்டியைப் பார்த்துவிட்டார்கள். 1965-இல் இந்தோனேசிய மோதலைக் காரணம் காட்டி ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் அவற்றை முற்றாக எடுத்துவிட்டது. இன்று கவுன்சிலர்கள் நியமனம், கிராமத் தலைவர்கள் நியமனம், சிலாங்கூரில் இந்தியச் சமூகத் தலைவர்களும் நியமனம். கோல சிலாங்கூர்க்காரர் ஒருவர் வாக்களிப்பது நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றத்துக்கும், அதுவும் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை. இடைப்பட்ட காலத்தில் கையைத் தூக்கித் தன் ஆளைத் தேர்ந்தெடுக்கும் அனுபவம் அவருக்குக் கிடைப்பது கோயில் கூட்டத்தில். அடுத்தபடியாகப் பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில்.

சட்டம் என்ன சொல்கிறது? 1996 கல்விச் சட்டத்தின் கீழ் 1998-இல் பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கென்று தனி ஒழுங்குவிதிகள் வந்தன. பள்ளியில் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் அல்லது பாதுகாவலர், அந்தப் பள்ளியின் ஆசிரியர்கள் ஆகியோரே உறுப்பினர்கள். தலைவர் பெற்றோர் தரப்பு. செயலாளர், பொருளாளர் பொறுப்புகள் நடைமுறையில் பெரும்பாலும் ஆசிரியர்களிடம் போகும். தலைமையாசிரியர் ஆலோசகர். பள்ளி நிர்வாகத்திலோ ஆசிரியரின் தொழில்முறை முடிவுகளிலோ சங்கம் தலையிட முடியாது. பணம் திரட்டலாம், கூரை போடலாம், கணினி வாங்கலாம். கணித ஆசிரியரை மாற்று என்று தீர்மானம் போட முடியாது. கட்டணத்திலும் கை கட்டப்பட்டிருக்கிறது. 2012 முதல் அரசுப் பள்ளிகளில் பள்ளிக் கட்டணமே இல்லை. சங்கம் கேட்பது நன்கொடை, கொடுக்காதவரின் பிள்ளையைத் திருப்பி அனுப்ப முடியாது.

இந்த விதிகளில் ஒரு வரி தோட்டப்புறத்தில் விசித்திரமாக வேலை செய்கிறது. உறுப்பினர் தகுதி பிள்ளையோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. கடைசிப் பிள்ளை ஆறாம் ஆண்டை முடித்து இடைநிலைப் பள்ளிக்குப் போனதும் தாய்க்கு வாக்கு போய்விடும். இருபது வருடம் அந்தப் பள்ளிக்கு உழைத்த பழைய தலைவராக இருந்தாலும் அதே கதைதான். அனுபவம் சேர்ந்த கையோடு ஆள் வெளியேறுகிறார்.

சிறிய பள்ளிகளில் இந்தக் கணக்கு இன்னும் வேடிக்கையானது. 150 மாணவருக்குக் கீழே உள்ளதை அமைச்சு குறைந்த மாணவர் பள்ளி என்று வகைப்படுத்துகிறது; நாட்டின் தமிழ்ப்பள்ளிகளில் பாதிக்கு மேற்பட்டவை இந்த வகைக்குள் வருகின்றன. இருபது பிள்ளைகள் படிக்கும் ஒரு தோட்டப் பள்ளியை எடுத்துக்கொள்வோம். அண்ணன் தங்கை என்று பார்த்தால் பதினான்கு, பதினைந்து குடும்பம். செயலவைக்குப் பத்துப் பன்னிரண்டு பேர் வேண்டும். வாக்காளரும் வேட்பாளரும் ஏறக்குறைய ஒரே ஆட்கள். அங்கே தேர்தல் என்பது, "இந்த வருடம் நீங்கள் தப்பிக்க முடியாது" என்று ஒருவரை ஒருவர் பிடித்து உட்கார வைக்கும் சடங்கு.

இந்த நிலைக்கு வந்து சேர்ந்த வழி நீளமானது. அப்போதைய பத்தாங் பெர்ஜுந்தை, இப்போதைய பெஸ்தாரி ஜெயா பக்கம் இருக்கும் தென்னமரம் தோட்டத்தில் 1917-இல்தான் மலாயாவின் முதல் வணிகச் செம்பனை நடவு நடந்தது. நட்டவர் பிரெஞ்சுக்காரரான ஹென்றி ஃபோகோனியே. பின்னாளில் மலாயாத் தோட்ட வாழ்வை வைத்து நாவல் எழுதி 1930-இல் கோன்கூர் பரிசு வாங்கியவர். தோட்டத்துக்குத் 'தென்னமரம்' என்று பெயர், அதில் வளர்ந்தது செம்பனை. பெயரை யார் வைத்திருந்தாலும், அதைச் சொல்லிச் சொல்லி நிலைக்க வைத்த வாய்கள் தமிழ் வாய்கள்.

அந்த வாய்களின் பிள்ளைகளுக்குப் பள்ளி வந்ததற்குக் காரணம் தொழிலாளர் சட்டம். 1912 சட்டமும் அதைத் தொடர்ந்த 1923 சட்டமும், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்கவேண்டும் என்றன. துரைமார்கள் வைத்தார்கள், தங்கள் கணக்குக்கு. லயத்தின் ஓரத்தில் ஒரு கொட்டகை. கிராணியோ கங்காணியோ, எழுத்துத் தெரிந்த ஒருவரோ வாத்தியார். பிள்ளைகள் ஓடிவிடாமல் இருந்தால் பெற்றோர் ரப்பர் மரம் சீவப் போவார்கள் என்பதே பல இடங்களில் நோக்கம். பள்ளிக்கு மேலாளர் வாரியம் என்று ஒன்று வந்த பிறகும், தோட்டத்துக்கு நிர்வாகி யாரோ அவரே வாரியத்துக்கும் தலைவர். பெற்றோரைக் கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

பெற்றோருக்குத் தோன்றியிருந்தது. 1941-இல் ஆர். எச். நாதன் முன்நின்ற கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின் கோரிக்கைப் பட்டியலில் சம்பளம் இருந்தது, கள்ளுக்கடையை மூடு என்பது இருந்தது, துரைக்கு முன்னால் சைக்கிளிலிருந்து இறங்காமல் போகும் உரிமை இருந்தது. கூடவே, பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும் என்பதும் இருந்தது. நாதனைக் கைது செய்து நாடு கடத்தினார்கள், துருப்புகள் வந்தன, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் செத்தார்கள். பள்ளிக்கூடம் பற்றித் தோட்ட மக்கள் கருத்துச் சொன்ன முதல் பெரிய பொதுக்கூட்டம் எது என்று கேட்டால், அந்த வேலைநிறுத்தத்தைத்தான் காட்ட வேண்டும்.

மேலாளர் வாரியம் இன்றும் இருக்கிறது. ஊரில் பலருக்கு வாரியமும் சங்கமும் ஒன்றாகத் தெரியும், இரண்டும் வேறு. சங்கம் வருடாந்தரக் கூட்டத்தில் பிறக்கிறது. வாரியத்தில் பெற்றோரோடு முன்னாள் மாணவர்களும் பள்ளிக்கு ஆதரவளிப்போரும் உட்காருவார்கள். அதற்கு அமைச்சின் அங்கீகாரம் வேண்டும். பெற்றோர் வாக்கு அங்கே நேராக எட்டுவதில்லை, சங்கத்தின் வழியாகச் சுற்றித்தான் போகிறது. ஆனால் கனமான விவகாரங்கள் கிடப்பது வாரியத்தில்தான், ஏனென்றால் நிலம் அங்கே கிடக்கிறது.

தமிழ்ப்பள்ளிகளில் பெரும்பகுதி பகுதி உதவி பெறும் பள்ளிகள். ஆசிரியர் சம்பளம் அரசுடையது. பள்ளி நிற்கும் நிலம் அரசுடையது அன்று, பல இடங்களில் தோட்ட நிறுவனத்துடையது. தோட்டம் கைமாறினால், வீட்டுமனையானால், தொழிலாளர் வெளியேறினால், பள்ளி யாருடைய நிலத்தில் நிற்கிறது என்ற கேள்வி எழும். வட சிலாங்கூரில் அந்தக் கேள்வி கற்பனை கிடையாது. மேரி, மின்னியாக், நைஜல் கார்ட்னர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார் என்ற ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர் குடும்பங்கள் சொந்த வீட்டுக்காகப் பல ஆண்டுகள் போராடிய கதை 2024 மே மாத கோல குபு பாரு இடைத்தேர்தல் மேடை வரை வந்தது. வீடு போன வழியே பிள்ளைகள் போகிறார்கள், பிள்ளைகள் போன வழியே பள்ளி. 1957-இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று 530-க்கு அருகில் நிற்கின்றன. ஆள் இல்லாத தோட்டத்திலிருந்து பள்ளியை உரிமத்தோடு தாமான்கள் பெருகும் பட்டணத்துக்கு இடம் மாற்றுவதா, இருந்த இடத்திலேயே காப்பதா என்ற முடிவு வரும்போது, துணிச்சலான வாரியம் இருப்பதும் பெயருக்கு ஒரு வாரியம் இருப்பதும் வேறு வேறு விளைவு தரும்.

சீனப் பள்ளிகளைப் பார்த்தால் வேறுபாடு கண்ணில் படும். அங்கே வாரியங்களுக்கு 1954-லேயே டோங் ஜோங் என்ற தேசியக் கூட்டமைப்பு வந்துவிட்டது. அமைச்சர்களே அதனுடன் பேசித்தான் ஆகவேண்டும். தமிழ்ப்பள்ளி வாரியங்களுக்கு அதற்கு நிகரான வலு அமையவில்லை. துரையின் நிழலில் பிறந்த வாரியத்துக்கும், ஊர் வணிகர்கள் பணம் போட்டு எழுப்பிய வாரியத்துக்கும் எலும்பே வேறு.

பெற்றோர் வாக்குக்கு எவ்வளவு பலம் கொடுக்கலாம் என்பதற்கு உலகில் பல அளவுகள் உண்டு. சிக்காகோ நகரில் 1988 சட்டத்தின்படி ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு பள்ளி மன்றம். 1989 முதல் அதற்குத் தேர்தல். பெற்றோர் ஆறு பேர் உட்காரும் அந்த மன்றம் தலைமையாசிரியரையே தேர்ந்தெடுக்கிறது. இந்தியாவில் 2009 கல்வி உரிமைச் சட்டம், பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதி பெண்கள் என்று விதித்தது. தமிழ்நாட்டு அரசு 2022-இல் அந்தக் குழுக்களை மாநிலம் முழுக்க மறுபடி அமைத்தது. அதுவரை பல ஊர்களில் குழுக்கள் காகிதத்தில் மட்டுமே இருந்தன. பாதி பெண்கள் என்ற விதி மட்டும் இங்கே இருந்தால் வட சிலாங்கூரில் அது தேவையற்றதாகத் தோன்றலாம், ஏனென்றால் பள்ளிக் கூட்டத்துக்கு வருவது தாய்மார்கள். தலைவர் நாற்காலியைப் பார்த்தால் அப்படித் தோன்றாது.

சம்பளம் இல்லை, அதிகாரம் இல்லை. பிறகு எதற்காகச் சில வருடங்களில் அந்த நாற்காலிக்கு அடிபிடி? காரணங்கள் சின்னவை, அதனால் கூர்மையானவை. நன்கொடைக் கணக்கு. பள்ளி வேன். தலைமையாசிரியரோடு பிணக்கு. அரசாங்க மானியம் வரும்போது, 2008-க்குப் பிறகு மாநில அரசும் தமிழ்ப்பள்ளிகளுக்கு ஆண்டுதோறும் பணம் ஒதுக்கத் தொடங்கிய நிலையில், படத்தில் யார் நிற்பது என்ற போட்டி. ம.இ.கா. கட்சிக் கிளைத் தலைவருக்கும் எதிர்முகாம்காரருக்கும் பழைய பகை இருந்தால் அது பள்ளி வாசலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வருவதில்லை. கல்வி இலாகா அதிகாரிகள் இதைத் தலைவலியாகத்தான் பார்க்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. இருந்தாலும் சீட்டுப் போடும் அளவுக்குச் சூடான கூட்டத்தில் கணக்கறிக்கையை எல்லோரும் வரி வரியாகப் படிக்கிறார்கள். தலை குனிந்த கூட்டத்தில் அதை யாரும் திறப்பதில்லை. இரண்டில் எது பள்ளிக்கு நல்லது என்று தயங்க வேண்டியதில்லை.

வராதவர்கள் பட்டியல்தான் நீளம். செம்பனைக் குலை வெட்டுபவருக்குச் சனிக்கிழமை வேலை நாள். சுங்கை பூலோ, ரவாங் தொழிற்சாலைகளில் இரவு முறை முடித்தவர் அப்போதுதான் கண் அயர்ந்திருப்பார். தகப்பன் ஓரிடம், தாய் ஓரிடம் வேலை பார்க்கும் வீடுகளில் பிள்ளையை வளர்ப்பது பாட்டி. பள்ளிப் பையில் வந்த அழைப்புக் கடிதத்தைப் பேத்தி படித்துக் காட்ட, கையெழுத்துப் போட்டு அனுப்புவதும் அவர்தான். விதியில் உள்ள 'பாதுகாவலர்' என்ற சொல்லுக்குள் இந்தப் பாட்டி வருவாரா என்பதை வாசலில் பதிவேடு வைத்திருக்கும் ஆசிரியை அந்த நிமிடத்தில் முடிவு செய்ய வேண்டியிருக்கும். பெரும்பாலும் உள்ளே விடுவார்.

அந்தப் பதிவேட்டில் இரண்டு பத்திகள்: பெற்றோர் பெயர், மாணவர் பெயரும் வகுப்பும். மேசைக்கு வருபவரிடம் "பேர் சொல்லுங்கம்மா" என்று கேட்டால் அனேகமாக எல்லோரும் பிள்ளையின் பெயரைத்தான் சொல்கிறார்கள். ஆசிரியை அதை இரண்டாம் பத்தியில் எழுதிவிட்டு, பேனாவைத் தூக்கி, "உங்க பேரு?" என்று மறுபடி கேட்கிறார்.