ஆயிரம் ரூபாய் பட்ஸில் தொப்பி கேட்கிறதா?

பாலக்காட்டுக் கணவாயில் புகுந்து வரும் காற்றுக்கு நேர் வழியில் இருக்கிறது கஞ்சிக்கோடு. 1990களிலேயே கேரள மின்வாரியம் இங்கே காற்றாலைகளை நிறுவிவிட்டது. தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடிந்து ரோட்டோரம் நின்று, ஆயிரம் ரூபாய் இயர்பட்ஸில் வீட்டுக்குப் பேசினால், மறுமுனையில் குரலுக்கு முன்னால் காற்றுதான் கேட்கும். பெட்டியில் 'இஎன்சி' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அது நம் மைக்கில் விழும் இரைச்சலை எதிர்முனைக்காரருக்காகக் குறைக்கும் வசதி. அதுவும் மைக் மேல் நேராக மோதும் காற்றிடம் திணறும். நம் காதுக்கு வரும் இரைச்சலை அடக்குவது 'ஏஎன்சி'. ஓரெழுத்து வித்தியாசத்தில் ஏமாறுபவர்கள் ஏராளம்.

விலையைப் பார்த்து ஒலியை எடைபோடவும் முடியாது. ஜெரோன் ப்ரீபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்போன்களை அளந்து 2017இல் வெளியிட்ட கட்டுரையில், அவற்றின் ஒலி அமைப்புக்கும் விலைக்கும் தொடர்பே தென்படவில்லை. பெட்டியில் போட்டிருக்கும் '13 மி.மீ. டிரைவர்' என்பதும் ஒலி எழுப்பும் பாகத்தின் அளவுதான், தரம் அல்ல.

பின் எதை நம்புவது? பழகிய பாட்டை. கஞ்சிக்கோட்டுக்குப் பக்கத்து எலப்புள்ளியில் 1928இல் பிறந்த எம்.எஸ்.விஸ்வநாதனின் பாடல் எதையாவது போடலாம். பாடகரின் மூச்சும் பின்னணி வயலினும் தனித்தனியாகக் கேட்கின்றனவா என்று பார்க்கலாம். அதைவிடக் கறாரான பரீட்சை மிருதங்கம். மலிவு பட்ஸ் பலவற்றில் பாஸைத் தூக்கி வைத்திருப்பார்கள். அப்போது மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியின் கும்காரம் ஊதிப் பெருத்து, வலப்பக்கமான வலந்தலையின் கணீர் ஒலியை விழுங்கிவிடும். மைக்கையே விரும்பாத மிருதங்க வித்வான் பாலக்காடு மணி ஐயர் இதைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ!

மாறாக, பாஸே கேட்கவில்லையா? பட்ஸைத் திட்டுவதற்கு முன் ரப்பர் முனையை மாற்றிப் பார்க்க வேண்டும். காதுக்கும் முனைக்கும் நடுவே இடைவெளி இருந்தால் தாழ்ந்த ஒலிதான் முதலில் கசியும். பெட்டியில் பெரும்பாலும் மூன்று அளவு முனைகள் இருக்கும். வாங்கியவர்கள் பலர் மற்ற இரண்டைத் தொடுவதே இல்லை.

இன்னொரு கணக்கும் உண்டு. வயர்லெஸ் பட்ஸின் விலைக்குள் மூன்று பேட்டரி, இரண்டு புளூடூத் சிப், மைக், சார்ஜிங் டப்பா எல்லாம் அடங்க வேண்டும். ஒலிக்கென்று மிஞ்சுவது கொஞ்சம். வயர் இயர்போனில் இந்தச் செலவு கிடையாது. வயர்லெஸ்ஸில் பேட்டரி தளர்ந்தால், மாற்றிக்கொடுக்க ஆள் கிடைப்பதும் அரிது.

வயர்லெஸ்தான் வேண்டும் என்றால் இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் பதிவு எண் இருக்கிறதா என்று பார்த்து, 'பிஐஎஸ் கேர்' செயலியில் சரிபாருங்கள். சத்தத்துக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல். பாட்டு கேட்க மட்டும் என்றால், இந்த விலையில் வயர் வைத்ததே லாபம்.