மாடியில் மழை, வரைபடத்தில் பூஜ்ஜியம்

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால், சென்னைவாசிகள் பலர் காலையில் முதலில் தேடுவது “எங்கே எத்தனை சென்டிமீட்டர்?” என்ற கணக்கைத்தான். வானிலை ஆய்வு மையத்தின் பட்டியலோடு, வீடுகளின் மொட்டை மாடிகளில் நிற்கும் சிறு வானிலை நிலையங்களின் அளவுகளும் இப்போது இணையத்தில் கிடைக்கின்றன. வேளச்சேரியில் கொட்டித் தீர்த்து அண்ணா நகரில் தூறலோடு போகிற மழையைப் பிடிக்க இந்த வீட்டுக் கருவிகள் பெரிய துணை. அதனால்தான் அவை தவறான கணக்கைச் சொல்வது வெறும் சொந்த விஷயமாக நின்றுவிடுவதில்லை.

மாடியில் மழை கொட்டுகிறது, வரைபடத்தில் 0 என்று நிற்கிறது. உடனே எல்லாவற்றையும் அணைத்துப் போடுவது பலரது வழக்கம். அதில் சரியாகிவிட்டால் காரணம் தெரியாமலே போகும். கோளாறு அடுத்த மழையில் திரும்ப வரும். தரவு போகிற வழியைப் பிரித்துப் பாருங்கள். மாடியிலுள்ள சென்சார், ரேடியோ அலையில் வீட்டுக்குள் இருக்கும் கன்சோலுக்கு அளவை அனுப்புகிறது. அங்கிருந்து அந்த அளவு வைஃபை, ரவுட்டர் வழியாக வெதர் அண்டர்கிரவுண்ட் போன்ற தளத்தின் சர்வருக்குப் போகிறது. கன்சோல் திரையில் மழை உட்பட எல்லா எண்களும் ஒழுங்காக மாறிக்கொண்டிருந்தால் கோளாறு மாடியில் இல்லை, அதற்கு அப்பால்தான். எல்லா அளவும் நின்றிருந்தால் முதலில் பார்க்க வேண்டியது சென்சாரின் பேட்டரியை.

மற்றவை சரியாக இருந்து மழை மட்டும் 0 என்றால் ஏணியை எடுக்க வேண்டியதுதான். மழைமானியின் புனலுக்குக் கீழே இரு பக்கமும் மாறி மாறிச் சாயும் ஒரு சின்ன வாளி உண்டு. சுமார் 0.2 மில்லிமீட்டர் மழைக்கு ஒருமுறை அது கவிழும். கவிழும்போது அதிலுள்ள காந்தம் ஒரு சுவிட்சைத் தட்டும். அந்தத் தட்டல்களின் எண்ணிக்கைதான் நாம் பார்க்கும் மழையளவு. புனலில் ஒரு வேப்பிலை, காகத்தின் எச்சம், வாளிக்குக் குறுக்கே ஒரு சிலந்தி இழை — இதில் ஏதாவது ஒன்று போதும், கணக்கு நின்றுவிடும்.

வைஃபை கோளாறுகளில் பல ரவுட்டர் மாற்றியதால் வருபவை. இந்தக் கருவிகளில் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டுமே அறியும்; புதிய ரவுட்டரில் அது அணைந்திருந்தால் இணைப்பு கிடைக்காது. மழைக்காலத்தில் மின்வெட்டு சகஜம் என்பதால் ரவுட்டரையும் கன்சோலையும் சிறு யுபிஎஸ்ஸில் போடுவது நல்லது.

தொந்தரவு கூடுவது, அனுப்பும் முறையை நாமே மாற்றத் தொடங்கும்போதுதான். வெதர் அண்டர்கிரவுண்டுக்குப் போகும் செய்தி மிக எளிமையானது: நிலையத்தின் அடையாளக் குறி, சாவி, நேரம், அளவுகள் எல்லாம் ஒரே இணைய முகவரியில் அடுக்கி அனுப்பப்படும். உள்நுழையும் கடவுச்சொல் வேறு, நிலையத்தின் சாவி வேறு; இதைக் குழப்பிக்கொண்டு மணிக்கணக்கில் தவிப்பவர்கள் உண்டு. அந்தத் தளம் வெப்பநிலையை ஃபாரன்ஹீட்டிலும் மழையை அங்குலத்திலும் எதிர்பார்க்கிறது. 30 டிகிரி செல்சியஸை அப்படியே 30 என்று அனுப்பினால் சென்னை உறைநிலைக்கும் கீழே போய்விடும். மழையில் இது இன்னும் மோசம். 12 மில்லிமீட்டரை 12 என்று அனுப்பினால் வரைபடத்தில் 30 சென்டிமீட்டர் ஆகிவிடும். வெள்ளத்தைக் கண்டு பயந்த ஊருக்கு இப்படி ஒரு எண்ணைக் காட்டுவது, ஒன்றும் காட்டாமல் இருப்பதைவிடக் கெடுதல்.

நேரமும் அப்படித்தான். செய்தியில் போக வேண்டியது உலகப் பொது நேரம். நம் கடிகாரம் அதற்கு ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. இந்திய நேரத்தை அப்படியே அனுப்பினால் பதிவு எதிர்காலத்தில் போய் விழும்.

இன்னொரு சிக்கல் பலருக்குப் பிடிபடுவதில்லை. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் மழை நாள் காலை 8.30-க்கு முடிகிறது, வீட்டு நிலையங்களோ பொதுவாக நள்ளிரவில் கணக்கைத் துடைத்துவிட்டு 0-விலிருந்து தொடங்குகின்றன. 2015 டிசம்பர் 2 அன்று தாம்பரத்துக்குச் சொல்லப்பட்ட 49 சென்டிமீட்டர், அன்று காலை 8.30 வரையிலான 24 மணி நேரத்துக்கானது. மாடிக் கருவி அதே மழையை இரண்டு தேதிகளுக்குப் பிரித்துக் காட்டியிருக்கும். இரண்டையும் அருகருகே வைத்து “துறை குறைத்துச் சொல்கிறது” என்று குற்றம் சாட்டுவது நியாயமில்லை. அதற்காகத் தளத்துக்கு அனுப்பும் தினசரி அளவை 8.30-க்கு மாற்றவும் கூடாது. தளம் எதிர்பார்ப்பது நள்ளிரவுக் கணக்கை.

இரண்டு கணக்கையும் ஒப்பிட வழி, தரவின் ஒரு பிரதியை வீட்டிலேயே வைத்துக்கொள்வது. ஈகோவிட் போன்ற கருவிகளின் செயலியில், நாம் விரும்பும் சர்வருக்கும் தரவை அனுப்ப ஒரு வசதி உண்டு. ராஸ்பெரி பை போன்ற ஒரு சிறு கணினியில் வீவெக்ஸ் என்ற இலவச மென்பொருளை நிறுவி, உரிய இணைப்பு நிரலையும் சேர்த்தால், அது தரவை வாங்கிச் சேமித்து, அலகுகளைத் தானே மாற்றிப் பல தளங்களுக்கும் அனுப்பும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு பதிவு கையில் இருந்தால், 8.30 முதல் 8.30 வரை கூட்டிக்கொள்வது பெரிய வேலையில்லை. இணையம் அறுந்தாலும் பதிவு நம்மிடம் இருக்கும். நிறுவனங்களை நம்பியே இருக்கவும் முடியாது: அமெரிக்காவில் அக்யூரைட் நிறுவனம் 2019-ல் தன் பழைய இணைப்புக் கருவிக்கான சேவையை நிறுத்தியது. கருவி நன்றாகத்தான் இருந்தது. அது பேச வேண்டிய சர்வர்தான் இல்லை. அதன் செய்தியை வீட்டு நெட்வொர்க்கிலேயே மறித்துத் தங்கள் கணினிக்குத் திருப்பத் தெரிந்தவர்களே தொடர்ந்து பயன்படுத்தினார்கள்.

அக்டோபருக்கு முன் ஒருமுறை மழைமானியைச் சோதித்துவிடுங்கள். புனல் வாயின் பரப்பு 200 சதுர சென்டிமீட்டர் என்றால், 200 மில்லிலிட்டர் தண்ணீரை மெதுவாக, சொட்டுச் சொட்டாக விடுங்கள். கன்சோல் 10 மில்லிமீட்டரையொட்டிக் காட்ட வேண்டும். அதற்கு முன் மறக்காமல் இணையத்துக்கு அனுப்புவதை நிறுத்திவையுங்கள்.