பச்சோந்தியோடு பழகுதல்

கொள்கையின்றிக் காலத்துக்கேற்ப மாறுபவனைப் பச்சோந்தி என்று இகழ்வது நம்மவர் வழக்கு. மேடையிலும் ஏட்டிலும் இவ்வுவமை பட்ட பாடு கொஞ்சமன்று. ஆயினும், அப்பிராணியை வளர்த்துப் பழகியவர்கள் இவ்வுவமையை எளிதில் ஒப்பமாட்டார்கள். தன் அச்சத்தையும் சினத்தையும் அமைதியையும் தோலின்மேல் எழுதிக் காட்டும் ஓர் உயிரை வஞ்சகத்துக்கு உவமையாக்குதல் பொருந்துமா? பச்சோந்திக் குஞ்சொன்றை மனிதனுடைய கைக்குப் பழக்கும் முறையை அறிந்தால், இவ்வினாவுக்கு விடை தானே கிடைத்துவிடும்.

ஐக்கிய அமெரிக்காவிலும் ஐரோப்பிய நாடுகளிலும் வீடுகளிற் பெரிதும் வளர்க்கப்படுவனவற்றுள் ஒன்று யேமன் பச்சோந்தி. யேமனும் சவூதி அரேபியாவின் தென்மேற்குப் பகுதியும் அதன் தாயகம். தலைமேல் உயர்ந்து நிற்கும் கொண்டையே அதன் அடையாளம். இன்று அந்நாடுகளில் விற்கப்படுவன பெரும்பாலும் வளர்ப்போரிடத்திற் பொரித்த குஞ்சுகளே. கூட்டிற் பிறந்தும், நாயைப்போலவோ கிளியைப்போலவோ அது மனிதத் துணையை நாடுவதில்லை. தன் இனத்தோடுகூடச் சேர்ந்திருக்க விரும்பாத தனிமையாளி அது. ஆகவே, பழக்குதல் என்பதற்கு இங்கே அன்பைப் பெறுதல் என்று பொருள் கொள்ளலாகாது. அச்சத்தைப் போக்குதல் என்பதே பொருள்.

அவ்வச்சத்துக்குக் காரணம் உண்டு. காட்டிலே பறவை மேலிருந்து பாய்கின்றது; பாம்பு கொப்பின் வழியே ஊர்ந்து வருகின்றது. இரு கண்களையும் தனித்தனியே சுழற்றி நாற்றிசையும் நோக்கியிருக்கும் குஞ்சுக்கு, மேலிருந்து இறங்கும் கை பருந்தின் காலாகவே தோன்றும். எனவே, முதுகைப் பற்றித் தூக்குதல் ஆகாது. வாலைப் பிடித்திழுத்தலும் ஆகாது. பல்லிக்கு அறுந்த வால் மீண்டும் முளைக்கும், பச்சோந்திக்கோ முளைப்பதில்லை. அதன் விரல்கள் இரண்டும் மூன்றுமாக இணைந்து குறடுபோலக் கொப்பைக் கவ்வுவன. அப்பிடியிலிருந்து வலிந்து பறித்தால், குஞ்சின் மெல்லிய எலும்பு முறியவுங் கூடும்.

புதிதாகக் கொணர்ந்த குஞ்சை முதலிரு வாரங்கள் தொடாதிருத்தல் நன்று. மறைந்திருக்க இலைச்செறிவு வேண்டும். கிண்ணத்து நீரை அது பொதுவாக அறியாது. இலைமேல் துளித்து நிற்கும் நீரையே நக்கிக் குடிக்கும். கல்சியமும், உடலில் விற்றமின் டி உண்டாவதற்கான கழியூதாக் கதிர் விளக்கும் இன்றியமையாதன. இவை குறைந்தால் எலும்பு மெலியும். இவ்வளவும் அமைந்த பின்னரே பழக்கம் தொடங்குகின்றது. நாள்தோறும் ஒரே வேளையில், மெல்ல வந்து, உள்ளங்கையில் ஒரு பட்டுப்புழுவை வைத்து அசையாது நிற்க வேண்டும். முதல் நாட்களிற் குஞ்சு பார்க்கும், உண்ணாது. கையை எடுத்துக்கொண்டு மறுநாள் வருவதே முறை. ஒருநாள், உடலினும் நீண்ட அந்நாக்கு கண்ணிமைக்கும் பொழுதிற் பாய்ந்து புழுவைக் கவரும். இது வழக்கமான பின்னர், அதன் முன்னங்கால்களுக்கு எதிரே, சற்று உயரமாக, கையை ஒரு கொப்பைப்போல நீட்டி வைத்தால், மேலேறும் இயல்பினால் அதுவே கால் எடுத்து வைக்கும். அன்றைக்கு இரண்டொரு நிமிடங்கள் போதும். நெடுநேரம் கையில் வைத்திருந்தால் வெப்பம் குன்றி அது சோர்வடையும்.

இத்தனைக்கும் வழிகாட்டி அதன் நிறமே. சூழலுக்கேற்பத் தன்னை மறைத்துக்கொள்ளவே அது நிறம் மாறுகின்றது என்பது முழு உண்மையன்று. மடகஸ்காரின் சிறுத்தைப் பச்சோந்தியை ஆராய்ந்த ஜெனீவாப் பல்கலைக்கழகத்தார் 2015 இல் வெளியிட்ட ஆய்வின்படி, அதன் தோலில் நுண்ணிய குவானின் பளிங்குகள் உள்ளன. பிராணி அமைதியாயிருக்கையில் அவை நெருங்கி நிற்கின்றன. தோல் பச்சையாகத் தோன்றுகின்றது. கிளர்ச்சியுற்றதும் அவை விலகுகின்றன. தோல் மஞ்சளும் செம்மஞ்சளுமாக மாறுகின்றது. யேமன் பச்சோந்திகளின் போட்டியை ஆராய்ந்து 2014 இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றோ, தோற்ற ஆண் உடலைக் கருமையாக்கித் தன் பணிவை அறிவிக்கின்றது எனக் கண்டது.

ஆதலால், கை அருகே வரும்போது குஞ்சு கருத்தால், அது 'போதும், விலகு' என்னும் வேண்டுகோளாகும். காலை வெயிலில் உடலைச் சூடேற்றவும் அது கருக்கும். இடமும் வேளையும் நோக்கி இரண்டையும் பிரித்தறிதல் வேண்டும். வாய் பிளத்தல், சீறுதல், உடலைத் தட்டையாக்குதல், கொப்பின் மறுபுறம் ஒளிதல் என்பனவும் அச்சக்குறிகளே. கருமை பூண்டு அசையாதிருக்கும் குஞ்சை அடங்கிவிட்டதென எண்ணி மேலும் தடவுபவர் அதனை இன்னும் வருத்துகின்றார். ஓயாத அச்சத்தால் உணவு மறுத்து மடியும் குஞ்சுகளும் உண்டு. எவ்வளவு பொறுத்தும் கைக்கு வாராதனவும் உண்டு. அவற்றைக் கண்ணால் மட்டும் கண்டு மகிழ்வதே நல்ல வளர்ப்பு.

நம் நாட்டிலும் இக்குலத்து உயிரொன்று வரண்ட பிரதேசங்களில் வாழ்கின்றது. 1768 இல் ஒஸ்திரிய அறிஞர் லோரன்ரி அதற்கு இலங்கையின் பெயரையே சேர்த்து, கமேலியோ செய்லானிக்கஸ் எனப் பெயரிட்டார். அது இந்தியாவிலும் உண்டு. வனசீவராசிகள் சட்டத்தின் காப்புப் பெற்ற அதனைப் பிடித்து வளர்த்தல் இங்கே குற்றமாகும். நமக்கு வேண்டுவது கையிற் பழக்கும் கலையன்று. அதற்கு அடிப்படையாயுள்ள பொறுமையே. வேலியோரத்தில் அதனைக் காணும் மாணவர்கள் கல்லெடுக்காது, சற்றே தள்ளி நின்று, அதன் நிறம் என்ன சொல்கின்றது என்று பார்க்கட்டும். உள்ளத்தில் ஒன்றும் உடம்பில் ஒன்றுமாக அது வாழ்வதில்லை என்பது புலனாகும். அதன் பின்னர், நிறம் மாறும் மனிதருக்கு வேறோர் உவமை தேடவேண்டி வரும்.