புலம்பெயர் தமிழ் ஆவணங்களும் மேசைக்கணினிப் பாதுகாப்பும்: திறமூல இயங்குதளத் தேர்வு குறித்த ஒரு விளக்கம்

முன்னுரை

2023 அக்டோபர் 28ஆம் நாள் லண்டனிலுள்ள பிரித்தானிய நூலகம் பணயத் தீநிரல் தாக்குதலுக்கு ஆளாயிற்று. அதன் இணையவழி நூற்பட்டியல் 2024 சனவரி நடுப்பகுதியில்தான் மீண்டது. ஏறத்தாழ 600 கிகாபைட் தரவு களவாடப்பட்டு வெளியிடப்பட்டது. பழமைப்பட்டுப்போன கணினி அமைப்புகள் சேதத்தையும் மீட்புக் காலத்தையும் பெருக்கின என்பதை அந்நூலகமே 2024 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கையில் மறைக்காது ஒப்புக்கொண்டது. தனிப் பணியாளரும் நிதியும் உடைய பெருநிறுவனத்துக்கே இந்நிலையெனில், புலம்பெயர் நாடுகளில் தன்னார்வலர் சிலரால் நடத்தப்படும் தமிழ் நூலகங்களின் நிலையை எண்ணிப் பார்க்கலாம்.

இக்கட்டுரை அத்தகைய நூலகங்கள், வார இறுதித் தமிழ்ப் பள்ளிகள், வீட்டிலிருந்தே ஆய்வு செய்வோர் ஆகியோரின் மேசைக்கணினியை மட்டுமே கருத்திற்கொள்கிறது. அக்கணினிகளில் சங்க மலர்களின் மின்வருடல்கள், மூதாட்டியர் பாடிய தாலாட்டு, ஒப்பாரிப் பதிவுகள், போரினால் இடம்பெயர்ந்தோர் தந்த வாய்மொழி வரலாறுகள் ஆகியன உள்ளன. வாய்மொழி வரலாற்றில் பேசியவரின் பெயர் மட்டுமன்றி, இன்னும் ஊரிலிருக்கும் உறவினரின் பெயர்களும் இடம்பெறும். பதிவு அழிந்தால் நமக்கு இழப்பு. வெளியானால் பிறருக்கு ஆபத்து. காப்புப்படி முன்னதற்குத் தீர்வு. மறையாக்கம் பின்னதற்குத் தீர்வு. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

தமிழ்த் தட்டச்சு என்னும் வாயில்

தமிழ்ப் பயனருக்கே சிறப்பாக உரிய ஓர் இடரை இங்குச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியுள்ளது. ஒருங்குறி பரவுமுன் எழுத்துருதோறும் ஒரு குறியேற்றமும் அதற்கென ஒரு தட்டச்சு நிரலும் வழங்கின. அப்பழக்கம் முற்றிலும் மறையவில்லை. கணினி மாறும்போதெல்லாம் நண்பரின் நினைவகக் குச்சியிலிருந்தோ, நடத்துபவர் யாரென்று தெரியாத பதிவிறக்கத் தளத்திலிருந்தோ பாமினி எழுத்துருவும் அதற்குரிய விசைப்பலகை நிரலும் நிறுவப்படுகின்றன. விசைப்பலகை நிரலோ நாம் அழுத்தும் விசைகளைத் தான் முதலிற் பெற்று, தமிழெழுத்தாக மாற்றிப் பிற மென்பொருளிடம் ஒப்படைப்பது. மின்னஞ்சற் கடவுச்சொல்லும் அதன் வழியே செல்லக்கூடும். எனவே மூலம் அறியாத விசைப்பலகை நிரல், களவாட நினைப்பவருக்கு நாமே திறந்துவைத்த வாயிலாகும். எந்தவொரு நிரலையும் குறிப்பிட்டுக் குற்றஞ்சாட்டுவது இங்கு நோக்கமன்று. அந்நிரல் அமர்ந்திருக்கும் இடம் அத்தகையது.

லினக்ஸ் சார்ந்த திறமூல இயங்குதளங்களில் தமிழ்99, ஒலிபெயர்ப்பு, தட்டச்சுப்பொறி முறை ஆகியன ஐபஸ், எம்17என் என்னும் கூறுகளின் வாயிலாக இயங்குதளத்தின் சொந்தக் களஞ்சியத்திலிருந்தே கிடைக்கின்றன. களஞ்சியம் இலக்கமுறைக் கையொப்பமிடப்பட்டது. இடையில் எவரேனும் மாற்றியிருந்தால் சரிபார்ப்புத் தவறி நிறுவல் நின்றுவிடும். விண்டோஸ் 10உம் 2019 முதல் தமிழ்99, அஞ்சல் விசைப்பலகைகளைத் தானே வழங்கிவருகிறது என்பதையும் நேர்மை கருதிக் குறிப்பிட வேண்டும். ஆயினும் 2025 அக்டோபர் 14இல் அவ்வியங்குதளத்துக்கான வழக்கமான ஆதரவு முடிவுற்றது. அதன் அடுத்த பதிப்பு கோரும் வன்பொருள் பல பழைய கணினிகளில் இல்லை. நம் நூலகங்கள் பலவற்றில் இத்தேர்வு இப்போது எழுவதற்குக் காரணம் இதுவே.

திறந்த மூலமும் அதன் எல்லையும்

மூலநிரல் வெளிப்படையாக இருப்பதனாலேயே ஓர் இயங்குதளம் பாதுகாப்பானது எனும் கூற்றை அப்படியே ஏற்பதற்கில்லை. 2016 பிப்ரவரி 20இல் லினக்ஸ் மின்ட் தளத்தினுள் ஊடுருவியோர், பதிவிறக்கச் சுட்டியைப் பின்கதவு பொருத்திய நிறுவற்கோப்புக்குத் திருப்பினர். சரிபார்ப்புத் தொகையும் அதே தளத்திலிருந்தால் ஊடுருவியவர் அதையும் மாற்ற இயலும். ஆகவே கையொப்பத்தைச் சரிபார்த்தலே தக்க முறை.

எக்ஸ்இசட் என்னும் சுருக்கக் கருவியின் கதை இதனினும் கூர்மையானது. அதன் பராமரிப்பில் இரண்டாண்டுகளுக்கும் மேலாக உழைத்து நம்பிக்கை பெற்ற ஒருவரே அதனுள் பின்கதவைப் புகுத்தினார். தொலைநுழைவு ஏறத்தாழ அரைநொடி தாமதமாவதை ஐயுற்று ஆராய்ந்த ஆந்திரெஸ் பிராய்ண்ட் என்னும் பொறியாளர் 2024 மார்ச் 29இல் அதனை வெளிப்படுத்தினார். மூலம் திறந்திருந்தமை அவருக்குத் துணைநின்றது. எனினும் தொடக்கம் தற்செயலானதே. நமக்குப் பயன்படும் செய்தி வேறொன்று. அப்பின்கதவு டெபியனின் சோதனைக் கிளைகளையும் ஃபெடோராவின் முன்னோட்டப் பதிப்புகளையும் எட்டியதேயன்றி, டெபியன், உபுண்டு ஆகியவற்றின் நிலைப்பதிப்புகளை எட்டவில்லை.

தேர்வு

இதனால்தான் நூலகக் கணினிக்கு டெபியன் நிலைப்பதிப்பையோ உபுண்டுவின் நெடுங்கால ஆதரவுப் பதிப்பையோ பரிந்துரைக்கிறேன். இரண்டும் ஏறத்தாழ ஐந்தாண்டுகள் பாதுகாப்புத் திருத்தங்களைப் பெறுகின்றன. ஃபெடோரா பாதுகாப்பு அமைப்பில் சிறந்ததே. ஆனால் அதன் ஒரு பதிப்பின் ஆயுள் 13 மாதங்கள் அளவே. கணினி அறிந்த ஒரே தன்னார்வலர் ஊர்மாறிச் சென்றுவிட்டால் அடுத்த பதிப்புக்கு ஏற்றுபவர் யார்? நம் சங்கங்களில் இஃது அரிதாக எழும் வினாவன்று. லினக்ஸ் மின்ட் விண்டோஸ் பழகிய கண்ணுக்கு இனியது. எனினும் அதன் முதன்மைப் பதிப்பு நெடுங்காலம் சார்ந்திருக்கும் எக்ஸ்11 காட்சியமைப்பில், ஒரு மென்பொருள் மற்றொன்றில் தட்டப்படும் விசைகளை ஒட்டுக்கேட்க இயலும். உபுண்டுவும் டெபியனின் கினோம் மேசையும் பயன்படுத்தும் வேலண்ட் அதனைத் தடுக்கிறது. 32 பிட் கணினிகளுக்கு 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13இல் நிறுவி இல்லை. அவற்றுக்கு ஓய்வளிப்பதே நன்று.

பழைய கோப்புகளும் மறையாக்கமும்

பாமினியில் தட்டச்சிட்ட ஆவணத்தைப் புதிய கணினியில் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே தோன்றும். கோப்பு கெடவில்லை, அதன் குறியேற்றம் வேறு. இத்தருணத்தில் பலர் இணையத்திலுள்ள மாற்றிகளில் உரையை ஒட்டிவிடுகின்றனர். சங்க மலருக்கு அதனால் தீங்கில்லை; ஓர் ஏதிலியின் வாக்குமூலத்துக்கு உண்டு. ஓப்பன்-தமிழ் என்னும் பைத்தான் நிரற்தொகுப்பைக் கொண்டு, இணையத்தைத் துண்டித்துவிட்டுக் கணினியிலேயே மாற்றலாம். மூலக்கோப்பை அழிக்கலாகாது: இடையிடையே வரும் ஆங்கிலச் சொற்களும் மாற்றத்திற் சிக்கிப் பொருளற்ற தமிழாகிவிடுவதுண்டு, அவற்றை ஒப்பிட்டுத் திருத்த மூலம் தேவைப்படும்.

வட்டு முழுவதற்குமான மறையாக்கத்தை நிறுவும்போதே தெரிவு செய்தல் எளிது. பின்னர்ச் சேர்ப்பது கடினம். தொடக்கத் திரையில் தமிழ் விசைப்பலகை கிடைக்காதாகையால் கடவுத்தொடர் ஆங்கில எழுத்துகளில் அமைதல் வேண்டும். பிரான்சிலும் ஜெர்மனியிலும் விசைகளின் இடம் மாறுபடுதலால், எல்லா அமைப்பிலும் ஒரே இடத்திலுள்ள எழுத்துகளைத் தெரிவது தொல்லையைக் குறைக்கும். அத்தொடரை முத்திரையிட்ட உறையில் நிர்வாகக் குழுவினர் இருவரிடம் ஒப்படைக்கலாம். அதனை இழந்தால் தரவை மீட்க வழியில்லை. காப்புப்படி எடுத்த வெளிவட்டும் மறையாக்கம் பெற்றதாய், பயன்படுத்தாதபோது கணினியிலிருந்து கழற்றி வைக்கப்பட்டதாய் இருத்தல் வேண்டும். இணைந்தே கிடக்கும் வட்டைப் பணயத் தீநிரல் சேர்த்தே பூட்டிவிடும்.

பழைய இயங்குதளத்தை நீக்குமுன், புதியதை நினைவகக் குச்சியிலிருந்தே இயக்கிப் பார்க்கலாம். தமிழில் ஒரு பத்தி தட்டச்சிட்டு, அச்சிட்டு, நூலகத்தின் வருடியையும் இணைத்துச் சோதித்தல் வேண்டும். பெரும்பாலும் இடர்ப்படுவது தமிழன்று, வருடியே.