பள்ளிக்கூடம் கட்டுவதற்கு முன் போட வேண்டிய கணக்கு

ரமளான் பிறந்துவிட்டால் நமது ஜும்ஆக்களில் ஓர் அறிவிப்பு தவறாமல் வந்துவிடும். இன்ன கிராமத்தில் ஏழைப் பிள்ளைகளுக்காகப் பள்ளிக்கூடம் கட்டப்படுகிறது, ஒரு வகுப்பறைக்கு இவ்வளவு ஆகிறது, தனவந்தர்கள் தாராளமாக உதவ வேண்டும் என்பார்கள். மிம்பரில் நின்று அப்படி அறிவித்தவர்களில் நாமும் ஒருவர்தாம். அல்ஹம்துலில்லாஹ், கட்டடத்துக்குப் பணம் வந்துவிடுகிறது. அடுத்த ஆண்டு சம்பளத்துக்குத்தான் வருவதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் வறண்ட பகுதி ஒன்றில் அப்படி ஒரு பள்ளிக்குச் சென்றிருந்தோம். ஒவ்வொரு வகுப்பறை வாசலிலும் நன்கொடையாளர் பெயர் பொறித்த பளிங்குக் கல் இருந்தது. குடிநீர்த் தொட்டிக்குக்கூட ஒரு கல். உள்ளே பாடம் நடத்திய சகோதரிக்கு மூன்று மாதமாகச் சம்பளம் இல்லை. நிர்வாகிகள் கெட்டவர்கள் அல்லர். கட்டுவதற்குக் கணக்குப் போட்டார்கள், நடத்துவதற்குப் போடவில்லை.

அந்தக் கணக்கை இங்கே போட்டுப் பார்ப்போம். ஒன்று முதல் ஐந்து வகுப்பு வரை 100 பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி 91 முதல் 120 பிள்ளைகள் வரை நான்கு ஆசிரியர்கள் வேண்டும். வகுப்பு ஐந்து என்பதால் நடைமுறையில் ஐந்து பேர். ஆளுக்கு 15,000 ரூபாய் என்றால் மாதம் 75,000. ஆயா, காவலர், மின்கட்டணம், சுண்ணாம்பு அடிப்பது எல்லாம் சேர்த்தால் மாதம் ஒரு லட்சத்தைத் தொட்டுவிடும். ஆண்டுக்கு 12 லட்சம், அதாவது ஒரு பிள்ளைக்கு 12,000 ரூபாய். ஊருக்கு ஊர் தொகை மாறலாம், கணக்கின் வடிவம் மாறாது. ஒருவர் ஒரு லட்சம் கொடுத்தால் நாம் துஆச் செய்து அனுப்புகிறோம். பள்ளிக்கு அது ஒரு மாதச் செலவு.

இன்னொரு சிக்கல் பிறைக் கணக்கு. நமது கொடைகளில் பெரும்பகுதி ரமளானில்தான் வருகிறது. பள்ளிச் செலவோ ஜூன் மாதத்தில் குவிகிறது. 2016இல் ரமளான் ஜூனிலேயே தொடங்கியது. வந்த பணம் நேராக நோட்டுப் புத்தகத்துக்குப் போனது. ஆண்டுக்குப் பதினொரு நாள் போல முன்னால் நகர்ந்து 2026இல் பிப்ரவரிக்கு வந்துவிட்டது. ஜூனில் கையில் காசு இருக்க வேண்டுமென்றால் நான்கு மாதம் கட்டிக் காக்க வேண்டும். (2030இல் ஜனவரியிலும் டிசம்பரிலுமாக இரண்டு ரமளான் பிறைகள் வரும். அந்த ஓர் ஆண்டு மட்டும் பொருளாளர்கள் நிம்மதியாக இருக்கலாம்!) ஆறு மாதச் சம்பளத்தைத் தனிக் கணக்கில் வைக்காமல் பள்ளியைத் திறக்கக் கூடாது என்பது நமது கருத்து. ஓரிரு கடைகளை வக்ஃப் செய்து வாடகை வரும்படி ஏற்பாடு செய்தால் இன்னும் நல்லது. கைபரில் தமக்குக் கிடைத்த நிலத்தை உமர் (ரலி) அவர்கள் மூலத்தை விற்காமல் விளைச்சலைத் தர்மமாக்கியது இந்த முறைக்கு நாம் அறிந்த முன்மாதிரி.

அடுத்தது ஜகாத். இதில்தான் தவறுகள் அதிகம் நடக்கின்றன. தவ்பா அத்தியாயத்தின் 60ஆம் வசனம் ஜகாத் பெறுவோரை எட்டு வகையாக வரையறுக்கிறது. கட்டடத்துக்கும் ஆசிரியர் சம்பளத்துக்கும் ஜகாத்தை நேரடியாகச் செலவிடக் கூடாது என்பதே ஃபிக்ஹு அறிஞர்களில் பெரும்பான்மையோரின் நிலை. ஏழையின் கையில் அது உடைமையாகப் போய்ச் சேர வேண்டும். தற்கால அறிஞர்கள் சிலர் 'அல்லாஹ்வின் பாதையில்' என்ற வகையை விரித்துக் கல்விப் பணியையும் அதில் சேர்க்கிறார்கள். கருத்து வேறுபாடுள்ள இடத்தில் பேணுதலான வழி ஒன்று உண்டு. பள்ளி ஒரு நியாயமான கட்டணத்தை நிர்ணயிக்கட்டும். ஏழைப் பெற்றோருக்கு ஜகாத்தைக் கொடுத்துவிட வேண்டும். அவர்கள் அதிலிருந்து தம் பிள்ளையின் கட்டணத்தைக் கட்டுவார்கள். கட்டணம் கட்டிய பெற்றோருக்குப் பள்ளியில் வந்து கேள்வி கேட்கும் தைரியமும் வருகிறது. இது நாம் கண்ணால் பார்த்தது.

கிராமத்துப் பள்ளி என்றால் மாற்று மதப் பிள்ளைகளும் வருவார்கள், வரவும் வேண்டும். அவர்களுக்கு ஸதகாவிலிருந்து தாராளமாகச் செலவிடலாம். ஆகவே ஜகாத்துக்கு ஒரு கணக்கு, ஸதகாவுக்கு ஒரு கணக்கு எனத் தொடக்கத்திலேயே பிரித்துவிடுங்கள். டிரஸ்ட் பத்திரத்தில் 'முஸ்லிம்களுக்கு மட்டும்' என்று எழுதினால் 80ஜி வரிச்சலுகை கிடைக்காமல் போகும் என்பதையும் ஆடிட்டரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டுப் பணம் பற்றியும் ஒரு வார்த்தை. துபாயில் வேலை பார்க்கும், இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் நம் சகோதரர் தம் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. சிங்கப்பூர், மலேசியக் குடியுரிமை பெற்ற உறவினர் அனுப்பினால் ஆகும். அதற்கு எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு வேண்டும், பணமும் முதலில் டெல்லி ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக்குத்தான் வர வேண்டும். இருவரும் ஒரே தெருக்காரர்களாக இருக்கலாம், சட்டம் அதைப் பார்ப்பதில்லை.

இவ்வளவையும் சரியாகச் செய்தாலும் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. அந்த ஊருக்கு உண்மையில் பள்ளிக்கூடம் தேவையா?

தமிழ்நாட்டில் பெரும்பாலான கிராமங்களில் நடந்து போகும் தூரத்தில் அரசுத் தொடக்கப் பள்ளி இருக்கிறது. அங்கே மதிய உணவு உண்டு. 2022 முதல் காலை உணவும் தொடங்கப்பட்டது. பாடநூலும் சீருடையும் இலவசம். நாம் கட்டும் சுயநிதிப் பள்ளியில் இவை எதுவும் கிடையாது. தினக்கூலி வீட்டுப் பிள்ளைக்கு இரண்டு வேளைச் சாப்பாடு என்பது சாதாரண விஷயமா? உயர் வகுப்பில் இழப்பு இன்னும் பெரிது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவிக்கு 'புதுமைப் பெண்' திட்டத்தில் கல்லூரிக் காலம் முழுவதும் மாதம் 1,000 ரூபாய். மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்கும் அதே நிபந்தனை. நல்ல எண்ணத்தோடு நாம் அழைத்து வரும் பிள்ளை இவற்றையெல்லாம் இழந்துவிட்டுத்தான் நம்மிடம் வருகிறாள். சிறுபான்மைப் பள்ளிகளுக்கு 25 சதவீத ஒதுக்கீடு பொருந்தாது என 2014இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதால், அந்த வழியில் அரசு தரும் கட்டணமும் நமக்கு வராது.

நம் பெண் பிள்ளைகள் எங்கே நின்றுபோகிறார்கள் என்று மஹல்லா மஹல்லாவாகக் கேட்டுப் பாருங்கள். ஒன்றாம் வகுப்பில் அல்ல. எட்டாம் வகுப்பு முடிந்து, உயர்நிலைப் பள்ளி ஐந்தாறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும்போதுதான் நிற்கிறார்கள். பேருந்து இல்லை, பயம் இருக்கிறது, வாப்பாவும் வேண்டாம் என்கிறார். அங்கே தேவைப்படுவது வகுப்பறை அல்ல, ஒரு வேன். பாகிஸ்தானில் 1995இல் ஆறு நண்பர்கள் கராச்சியில் ஐந்து பள்ளிகளோடு தொடங்கிய 'சிட்டிசன்ஸ் ஃபவுண்டேஷன்' இன்று ஆயிரக்கணக்கான ஆசிரியைகளோடு இயங்குகிறது. பெண்களையே ஆசிரியர்களாக அமர்த்தி, அவர்களை அழைத்து வர வேன் விட்டதால் பெற்றோர் நம்பிப் பெண் பிள்ளைகளை அனுப்பினார்கள். அங்கே அரசுப் பள்ளிகளின் நிலை வேறு. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த வேனை.

நாம் பார்த்த அந்தப் பளிங்குக் கல் பள்ளியும் இப்போது தொடக்க வகுப்புகளை நிறுத்திவிட்டது. பிள்ளைகள் பக்கத்து அரசுப் பள்ளியில் சாப்பிட்டுப் படிக்கிறார்கள். மாலையில் அதே அறைகளில் மக்தபும், பத்தாம் வகுப்புக்குக் கணக்கு, ஆங்கிலப் பாடமும் நடக்கின்றன. சம்பளம் வாங்கும் ஆசிரியைகள் இரண்டே பேர். மூன்று மாதப் பாக்கியோடு நின்ற அந்தச் சகோதரியும் அவர்களில் ஒருவர். பாக்கியைக் கொடுத்துவிட்டுத்தான் அவரைத் திரும்ப அழைத்தார்கள். காலையில் ஒரு வேன் பதினான்கு பெண் பிள்ளைகளை மேல்நிலைப் பள்ளிக்குக் கொண்டுபோய் விடுகிறது. மாத வரவு செலவு ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படுகிறது. போன தடவை நாம் பார்த்தபோது டீசல் செலவுக்கு எதிரே ஒருவர் பென்சிலால் கேள்விக்குறி போட்டிருந்தார். பொருளாளர் அதன் கீழேயே பதில் எழுதியிருந்தார்.