தயிரிலேயே ஒரு ஐஸ்கிரீம்

"டாக்டர், ஐஸ்கிரீம் வேணும்னு பையன் ஒரே அடம். வாங்கித் தரலாமா?" சித்திரை பிறந்துவிட்டால் சேலம், நாமக்கல் தாய்மார்கள் கேட்கும் கேள்வி இது. வீட்டிலேயே தயிரில் செய்து கொடுங்களேன்! சாதாரண ஐஸ்கிரீமில் பால் கொழுப்பு குறைந்தது 10 சதவீதம். ஆவின் நீல பாக்கெட் பாலில் 3 சதவீதம்தான். அந்தப் பாலில் உறைந்த தயிரை வடிகட்டி, பழம் சேர்த்தாலும் ஐஸ்கிரீமில் பாதிக் கொழுப்புகூடத் தேறாது.

புளிக்காத தயிர் அரை லிட்டரை வெள்ளைத் துணியில் கட்டி, ஃபிரிட்ஜிலேயே வடிய விடுங்கள். வெளியே தொங்கவிட்டால் நம்ம ஊர் வெயிலுக்குப் புளித்துவிடும். 3 மணி நேரம் போதும். வடிந்த தண்ணீரைக் கொட்டாமல் சப்பாத்தி மாவு பிசையலாம். கெட்டித் தயிரில் அரை கப் சேலம் குண்டு மாம்பழ விழுது, 4 ஸ்பூன் நாட்டுச்சர்க்கரை, கொஞ்சம் ஏலக்காய் கலந்து ஃப்ரீசரில் வையுங்கள். நான் ஒரு சிட்டிகை சுக்குப்பொடியும் போடுவேன். பிள்ளைகள் கண்டுபிடித்தால் தொடாதுங்க!

முக்கால் மணிக்கு ஒருமுறை எடுத்து நன்றாகக் கிளறுங்கள், நாலு தடவையாவது. தயிரிலுள்ள தண்ணீர்தான் ஐஸ் கட்டியாகப் பல்லில் நறநறக்கிறது. வடிப்பதும் கிளறுவதும் அதற்காகத்தான். இனிப்பை அறவே விட்டாலும் கல்லாக இறுகிவிடும்.

சளி, இருமல் இருக்கும்போது வேண்டாம். 'நாட்டுச்சர்க்கரைதானே, சித்த வைத்தியரே சொல்லிட்டார்' என்று நீரிழிவு உள்ள தாத்தாவுக்கும் ஒரு கிண்ணம் நீட்டிவிடாதீர்கள். ரத்தத்தில் ஏறும்போது அதுவும் சர்க்கரைதான். தேரையர் மோரைப் பெருக்கச் சொன்னார். தாத்தாவுக்கு அதே தயிரை நீர்மோராக்கி, கறிவேப்பிலையும் இஞ்சியும் தட்டிப்போட்டுக் கொடுங்கள்.